நம் வேட்பாளரின் பெயரை அடிக்க இவர்கள் யார்?

தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் வியர்வை சிந்தும் தோழர்களே! சித்தூர்த் தாலுகாவின் வயல்களிலும் நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளிலும் உழைக்கும் தாய்மார்களே!

ஓட்டுப் போடும் நாளன்று நம்மைத் தேடி ஜீப் வருகிறது. கும்பிடு வருகிறது. தமிழில் அச்சடித்த நோட்டீஸ் வருகிறது. "உங்கள் ஓட்டுத்தான் எங்கள் உயிர்" என்கிறார்கள். ஆனால், அந்த ஓட்டை யாருக்குப் போடலாம் என்ற பட்டியல் அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. யார் பெயர் இருக்கும், யார் பெயர் அடிபடும் என்பது அலுவலக மேசையில் முடிகிறது. அந்த நேரத்தில் நாம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறோம். நம் பெயரால் நடக்கும் காரியம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனுவில் குற்றம் கண்டு தள்ளுவது. மற்றொன்று, மனுவை வாபஸ் வாங்க வைப்பது. இரண்டிலும் நீதிமன்றக் கதவு உண்டு என்பார்கள். உண்டுதான்! ஆனால், அந்தக் கதவு எப்போது திறக்கிறது? அதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தேவிகுளம் கண்ட முதல் வழக்கு

கேரளம் பிறந்து முதல் பொதுத்தேர்தல் 1957-இல் நடந்தது. தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்தச் சட்டமன்றத்தில் முதல் ஆளாக உறுதிமொழி எடுத்தவர் அவரே. ஆனால், அந்தத் தேர்தலில் பி.கே. நாயரின் வேட்பு மனு பரிசீலனையிலேயே தள்ளப்பட்டிருந்தது. வழக்குப் போயிற்று. மனுவைத் தள்ளியது தவறு என்று முடிவாகி, தேர்தலே செல்லாது என்றாயிற்று. 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. பாவலர் வரதராசன் மலையேறி வந்து பாடிய தேர்தல் அதுதான். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே நம் மூத்த தலைமுறை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. நாம் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வென்றவரும் தவறு செய்யவில்லை. மனுப் போட்டவரும் தவறு செய்யவில்லை. மேசையில் நடந்த ஒரு தவறுக்காக மலை முழுவதும் மீண்டும் ஒரு முறை ஓட்டுப்போட வேண்டியதாயிற்று. கேரளத்தின் முதல் தேர்தல் வழக்குகளில் ஒன்றும், முதல் இடைத்தேர்தலும் நம் தொழிலாளிகள் வாழும் தொகுதிக்கே வந்தன. அதிலிருந்து நாம் கற்றது என்ன? ஒன்றுமில்லை என்பதை 2021 காட்டிவிட்டது.

மீண்டும் தேவிகுளம்

2021 சட்டமன்றத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணியின் சார்பில் அண்ணா தி.மு.க. வேட்பாளராக ஆர்.எம். தனலட்சுமி தேவிகுளத்தில் மனுத் தாக்கல் செய்தார். 2016-இலும் இதே தொகுதியில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றவர் அவர். மார்ச் 20 அன்று பரிசீலனை நடந்தது. படிவம் 26 எனப்படும் பிரமாணப் பத்திரம் முழுமையாக இல்லை என்று மனு தள்ளப்பட்டது. அதே நாளில் தலச்சேரியிலும் குருவாயூரிலும் அதே கூட்டணியின் மனுக்கள் கட்சித் தலைவரின் கையெழுத்துக் குறைபாட்டால் தள்ளுபடியாயின. உயர் நீதிமன்றத்திற்கு ஓடினார்கள். தேர்தல் நடவடிக்கை தொடங்கிய பிறகு இதில் தலையிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏப்ரல் 6 அன்று தேவிகுளம் ஓட்டுப் போட்டபோது பட்டியலில் இரட்டை இலை இல்லை. கூட்டணி ஒரு சுயேச்சையைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் கட்சிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதன் கொள்கை வேறு, நம் வழி வேறு. ஆனால், அந்தச் சின்னத்துக்குப் போட நினைத்த ஒவ்வொரு லயத்து வீட்டாருக்கும் அந்த உரிமை இருந்ததா, இல்லையா? அந்த உரிமையை எதிரி பறிக்கவில்லை. ஒரு தாளில் விடுபட்ட இடங்கள் பறித்தன. கொடி கட்ட ஆள் வைத்த கட்சி, மைக் கட்ட ஆள் வைத்த கட்சி, மனுவைப் படித்துப் பார்க்க ஓர் ஆளை வைக்கவில்லையே! எல்லை மாவட்டத் தமிழன்தானே, அவனுக்கு இவ்வளவு போதும் என்ற அலட்சியம்தானே இது? இன்று இந்தக் கட்சி என்றால், நாளை வேறு கட்சி. அலட்சியத்தில் எல்லாக் கொடிகளுக்கும் ஒரே நிறம்தான்.

நாமக்கல்லிலிருந்து வந்த பூட்டு

"அநியாயமாகத் தள்ளினால் கோர்ட்டு உடனே கேட்காதா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்காது. அதற்கான காரணம் நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. 1951 நவம்பரில், சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதிக்கு என்.பி. பொன்னுசாமி என்பவர் கொடுத்த மனு பரிசீலனையில் தள்ளப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றமும் போனார். 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 329-ஆம் பிரிவுப்படி, தேர்தலைப் பற்றிய குறை எதுவானாலும் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகத்தான் வர வேண்டும் என்றது. அறிவிப்பு வெளியான நாள் முதல் முடிவு வெளியாகும் நாள் வரை எல்லாம் சேர்ந்ததே தேர்தல். நடுவில் நிறுத்தக் கூடாது என்றது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடை உத்தரவு என்று ஆரம்பித்தால் எந்தத் தேர்தலும் முடியாது. பணமுள்ளவன் வக்கீலை வைத்தே தேர்தலை நிறுத்திவிடுவான். ஆனால், அந்த நியாயத்தின் சுமை யார் தலையில் விழுகிறது? வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்து மனு எழுதுபவன் தலையில் அல்ல. கணக்கப்பிள்ளையிடம் அரை நாள் லீவு கேட்டுவிட்டு வந்து மனுக் கொடுப்பவன் தலையில்தான் விழுகிறது.

வாபஸ் என்னும் வியாபாரம்

தள்ளுபடி ஒரு விபத்து என்றே வைத்துக்கொள்வோம். வாபஸ் விபத்தல்ல, பல நேரங்களில் அது வியாபாரம். சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்வோம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி, கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் எழுத்து மூலம் வாபஸ் கொடுக்கலாம். வேட்பாளர் நேரில் வர வேண்டும் என்பதில்லை. அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால் முன்மொழிந்தவரோ தேர்தல் ஏஜெண்டோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்த பிறகு "மனம் மாறிவிட்டேன்" என்று திரும்பக் கேட்க முடியாது. வாபஸை வாபஸ் வாங்க முடியாது! வாபஸ் பெற்றவருக்கு டெபாசிட்டும் திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே, விலகுவதால் கைநஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் எல்லாம் அவர் பெயரை நம்பிய மக்களுக்கே.

ஒரு பெயருக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்பதைக் கேரளத்தின் வடகோடியில், கன்னடமும் துளுவும் பேசும் எல்லைத் தொகுதியான மஞ்சேஸ்வரம் காட்டியது. 2016-இல் அங்கே பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் வெறும் 89 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் கே. சுந்தரா என்பவர் 467 ஓட்டு வாங்கினார். 2021-இல் சுந்தரா பகுஜன் சமாஜ் வேட்பாளராக மனுப் போட்டார்; பிறகு விலகிக்கொண்டார். தேர்தல் முடிந்ததும், விலகுவதற்காக இரண்டரை லட்சம் ரூபாயும் ஒரு கைப்பேசியும் கொடுத்தார்கள் என்று அவரே சொன்னார். சுரேந்திரன் தரப்பு அதை மறுத்தது. வழக்குப் பதிவாயிற்று. முடிவு என்ன? 2024 அக்டோபரில் காசர்கோடு செஷன்ஸ் நீதிமன்றம் சுரேந்திரனையும் மற்றவர்களையும் வழக்கிலிருந்து விடுவித்தது. தேர்தல் லஞ்சக் குற்றத்திற்குத் தண்டனை ஓராண்டு வரைதான். ஆகவே ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். போலீஸ் அதைத் தாண்டிக் கொண்டுவந்தது.

யார் உண்மை சொன்னார்கள் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. நமக்குத் தெரிவது ஒன்றுதான். பெயர் பட்டியலிலிருந்து போனது உண்மை. அது எப்படிப் போனது என்பதைச் சாட்சிகளை விசாரித்து முடிவு காணும் முன்பே வழக்கு நின்றுபோனதும் உண்மை. ஓட்டுக்காரனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

வடக்கே நடந்ததையும் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரின் மனு, முன்மொழிந்தவர்கள் தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால் தள்ளப்பட்டது. மீதமிருந்த மற்றவர்கள் வாபஸ் வாங்கினார்கள். ஏப்ரல் 22 அன்று பா.ஜ.க.வின் முகேஷ் தலால் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். ஒரு பெருநகரமே ஓட்டுப் போடாமல் எம்.பி.யைப் பெற்றுவிட்டது! ஒரு வாரம் கழித்து இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் விலகி எதிர்க்கட்சியில் சேர்ந்தார். அங்கே மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. 2,18,674 பேர் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினார்கள். அது கோபத்தின் எண்ணிக்கை. ஆனால், கோபம் எம்.பி. ஆகாது.

கடல் கடந்து அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக ஒரு வழக்கு நடந்தது. 2024 குடியரசுத் தலைவர் தேர்தலில் ராபர்ட் கென்னடி ஜூனியர் போட்டியை நிறுத்திக்கொண்டு, மிச்சிகன் மாநில வாக்குச்சீட்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். சிறு கட்சி ஒன்று முறைப்படி நிறுத்திய வேட்பாளர் அப்படி விலக முடியாது என்பது அங்குள்ள சட்டம். செப்டம்பர் 9 அன்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பெயர் சீட்டிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால், ஒரு பெயர் சீட்டில் ஏறிய பிறகு அது அந்த ஆளின் சொந்தச் சொத்து மட்டுமல்ல என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணம் நமக்கு வேண்டும்.

"ஒற்றுமைக்காகத்தானே விலகச் சொல்கிறோம்"

கட்சிக்காரர்கள் நம்மிடம் சொல்லும் சமாதானம் இது. "நீ நின்றால் ஓட்டுப் பிரியும். எதிரி ஜெயிப்பான். பெரிய காரியத்துக்காக விட்டுக்கொடு." சில நேரம் இது உண்மையாகவும் இருக்கலாம். பொது நன்மைக்காகத் தொழிலாளி விட்டுக்கொடுத்த வரலாறு நம்மிடம் நிறைய உண்டு. ஆனால், நாம் கேட்கிறோம்: விட்டுக்கொடுப்பது எப்போதும் நாம்தானா? தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு, லயத்துக்குக் கூரை கேட்டு, பட்டா கேட்டு நம்மவர் ஒருவர் நின்றால் அது பிளவு. தலைவரின் உறவினர் நின்றால் அது ஜனநாயகம்!

2024 பாலக்காடு இடைத்தேர்தலில் ராகுல் என்ற பெயருள்ள வேட்பாளருக்கு எதிரே அதே பெயரில் வேறு சுயேச்சைகளும் பட்டியலில் இருந்தார்கள். அப்போது ஓட்டுப் பிரிவதைப் பற்றி ஒருவரும் வருந்தவில்லையே! ஓட்டைப் பிரிக்கப் பெயர் தேவைப்பட்டால் பெயரை ஏற்றுகிறார்கள். சேர்க்கத் தேவைப்பட்டால் பெயரை இறக்குகிறார்கள். நம்மை மனிதராக எண்ணாமல் தராசுக் கல்லாக எண்ணும் புத்தி இது.

தொழிலாளி நின்றால் வெல்ல முடியாது என்பதும் பொய். 2015 செப்டம்பரில் மூணாறு வீதியை மறித்த பெண்கள் எந்தப் பெரிய சங்கத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பெண்கள் ஒற்றுமையின் பெயரால் நின்று வெற்றியும் கண்டார்கள். கூடை சுமந்த தோள் பஞ்சாயத்தையும் சுமக்கும் என்பதற்கு அது சாட்சி.

வென்ற பிறகும் தொடரும் காகிதம்

தப்பித்தவறி நம்மவர் வென்றாலும் கதை முடிவதில்லை. தேவிகுளம் தனித்தொகுதி. 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா 7,848 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குப் போட்டார். ராஜா கிறிஸ்தவர், ஆகவே பட்டியல் சாதி இடத்தில் நிற்க முடியாது என்பது வாதம். 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. அவர் பதவிக்காலத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டு வழக்கிலேயே போயிற்று.

தோழர்களே, அந்த வழக்கில் என்னென்ன ஆராயப்பட்டன? ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் படம், பாட்டன் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய காலம்! நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இதே கதைதான். கங்காணி கூட்டிவந்த நாளை நம் பாட்டி எழுதி வைக்கவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. மூன்று தலைமுறை உழைத்த பிறகும், "நீ எப்போது வந்தாய்?" என்ற கேள்விக்குக் காகிதம் காட்ட வேண்டியவர்கள் நாம். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைக்காதவன் நாளை மனுப் போட முடியாது, போட்டாலும் நிலைக்காது.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் எங்கே, நான்கு ஆண்டு எங்கே!

நாம் கேட்பது, நாம் செய்வது

அரசிடமும் தேர்தல் ஆணையத்திடமும் நாம் கேட்பது இவை. ஒன்று: தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் முதலிய தமிழர் வாழும் தாலுகாக்களில் மனுப் படிவங்களும் விளக்கங்களும் தமிழிலும் வேண்டும். இரண்டு: மனுவை வாங்கும்போதே எந்தப் பத்தி காலியாக இருக்கிறது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று: வாபஸ் கடிதத்தை வேட்பாளரே நேரில் வந்து, படப்பதிவின் முன் கொடுக்க வேண்டும். நான்கு: தேர்தல் வழக்குக்கு ஆறு மாதம் என்பது ஆசையாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். ஐந்து: தேர்தல் லஞ்ச வழக்கு போலீஸின் தாமதத்தால் சாகாதபடி காலவரம்பை நீட்ட வேண்டும்.

கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று நாம் ஏமாற மாட்டோம். ஆகவே நம் கையில் இருப்பதை நாம் செய்வோம்.

மனுத் தாக்கல் முடிந்த மறுநாள் பரிசீலனை. அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸ். இந்த மூன்று நாளும் நம் சங்கத்தின் ஆட்கள் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்கிறார்களா, எண் சரியா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வரக் கூடாது.

பரிசீலனையில் ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல அவகாசம் கேட்க 36-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. பரிசீலனை நாளுக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை அது கிடைக்கலாம். முக்கியமல்லாத குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதை வாயால் அல்ல, எழுத்தில் கேளுங்கள். தள்ளினால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். முடிவு வெளியான 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். ஒரே ஒரு மனு தவறாகத் தள்ளப்பட்டது நிரூபணமானாலும் தேர்தல் செல்லாது. 1957-இல் அந்த நியாயம் எடுபட்டது நம் தேவிகுளத்தில்தான்.

வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். "சும்மா இருக்கட்டும், பிறகு நிரப்பிக்கொள்கிறோம்" என்பவன் எந்தக் கொடி பிடித்தாலும் நம் ஆளல்ல. நம் ஆதரவில் மனுப் போடுபவர் விலக வேண்டி வந்தால், அதை லயத்துக் கூட்டத்தில் பேசி, கைதூக்கி முடிவு செய்து, காரணத்தை வெளியில் அறிவிக்க வேண்டும். நடுச்சாமத்தில் வரும் கார் அதைத் தீர்மானிக்கக் கூடாது. கூட்டத்தில் நிறுத்திய பெயரைக் கூட்டம்தான் இறக்க வேண்டும்.

பாட்டன் பாட்டியின் பழைய வேலைச் சீட்டு, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை ஈரம் படாமல் வையுங்கள். பரணில் கிடக்கும் பழந்தாள் என்று அடுப்பில் போடாதீர்கள். நாளை உங்கள் மகள் வேட்பாளராக நிற்கும்போது அவளுக்கு முதல் சாட்சி அதுதான்.

மலையை வெட்டித் தோட்டமாக்கியவர்களுக்கு ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாதா? தெரியும். தெரியாது என்று நம்மை நம்ப வைத்தவர்கள்தான் இத்தனை காலம் பிழைத்தார்கள்.

நம் பெயரை நாமே எழுதுவோம்! எழுதிய பெயரை விற்க விடமாட்டோம்! மூன்று மணி அடிக்கும்வரை காவல் இருப்போம்!